கேமரா விற்பனைக்கு, கார்டு நீங்கலாக

வாங்க டீச்சர், வாங்க. செருப்பு அங்கியே கெடக்கட்டும், உள்ள வாங்க. அவிநாசியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. கேமரா எங்கியும் ஓடிராது.

நம்ம கேமரா கிளப் குரூப்புல போன திங்கக்கெழமைதான் போட்டேன். 'கேமரா விற்பனைக்கு, கார்டு நீங்கலாக'ன்னு. அதென்ன கார்டு நீங்கலாகன்னு ரெண்டு பேரு சிரிச்சு வெச்சாங்க. சிரிக்கட்டும். நாலு பேரு கேட்டாங்க, அதுல நீங்க ஒருத்தர்தான் பொம்பளை. ரிட்டயர் ஆகி மூணு மாசம் ஆச்சு, இனிமேத்தான் கத்துக்கப் போறேன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, நானும் அப்பிடித்தான் ஆரம்பிச்சேன். அதான் உங்களுக்கே குடுத்தரலாம்னு தோணுச்சு.

இந்தாங்க. கையில வாங்கறதுக்கு முந்தி கழுத்துல மாட்டுங்க. அது மொதப் பாடம். நான் வாங்கின நாலாம் நாளு பேரூர்ப் படித்துறையில நழுவ உட்டுட்டேன். எங்கூட்டுக்காரரு தாவிப் புடிச்சாரு. அவருக்கு முட்டியில தோலு வழண்டு போச்சு. கேமராவுல ஒரு கீறல் இல்லைன்னு எனக்கு அத்தனை சந்தோசம். முட்டியை வூட்டுக்கு வந்து, அவரு மருந்து தேடறப்பத்தான் பாத்தேன்.

அவருதான் வாங்கிக் குடுத்தாரு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்து நாலு வருசம் வேலை பாத்தேன் டீச்சர். ஆப்பரேட்டராச் சேந்து, அப்பறம் எல்லா செக்ஷன்லயும் இருந்தாச்சு. எல்லாமே காது வேலை. யாரு மூஞ்சியும் தெரியாது, குரலு மட்டுந்தான். ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலையோட வூட்டுக்கு வந்தா, மேசை மேல இந்த டப்பா இருக்குது. "காதுக்கு லீவு குடு மணி, இனிமேக் கண்ணால பாரு"ன்னாரு. வசந்தாமணி எம்பேரு, அவரு மணிம்பாரு.

அதுக்கப்பறம் எங்க போனாலும் பையை அவருதான் தூக்குவாரு. கிளப்புல அவருக்குப் பேரே 'ஸ்டாண்டு'. கோவிச்சுக்க மாட்டாரு, சிரிப்பாரு.

எடுத்துப் பாருங்க. இல்லீங்க இல்லீங்க, என்னை வேண்டாம். அந்தச் செம்பருத்தியை எடுங்க, அது ஆடாம நிக்குது. ஜூமைத் திருகாதீங்க. ஜூமை நம்பக்கூடாது டீச்சர், காலை நம்போணும். ரெண்டு எட்டு முன்னால போங்க. இன்னும் ஒரு எட்டு. ஆ, இப்பப் பாருங்க. வித்தியாசம் தெரியுதுங்களா? இதைக் கத்துக்க எனக்கு ஒரு வருசம் ஆச்சு.

ஆளுகளை எடுக்கறப்ப இன்னொண்ணு. கண்ணுலதான் ஃபோகஸ் வெக்கோணும். மூக்கு மங்கிப்போனாக் கூடப் படம் நிக்கும், கண்ணு மங்கிப்போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். 'சிரிங்க'ன்னு சொல்லாதீங்க. பேரு சொல்லிக் கூப்புடாதீங்க. கூப்பிட்டீங்கன்னா மூஞ்சி மாறிப்போகும், தலையை வாரிக்குவாங்க, சேலையை இழுத்து உட்டுக்குவாங்க. கூப்புடாம நில்லுங்க. அவுங்களாப் பாக்கோணும். அப்பிடி ஒரு படந்தான் எனக்கு மொதப் பரிசு வாங்கிக் குடுத்துது.

நீங்க பாத்திருப்பீங்க. நாலஞ்சு வருசத்துக்கு முந்தி, பேப்பரோட வார இணைப்புல முழுப்பக்கம் வந்துது. பாக்கலீங்களா? பரவால்ல.

சித்த உக்காருங்க, காபி வெச்சுட்டு வாறேன். சக்கரை போடலாமுங்களா?

இந்தாங்க. சூடு பாத்துக் குடிங்க.

எனக்கு ஒரே அக்கா, தேவாத்தான்னு. அண்ணன் தம்பி கெடையாது எங்களுக்கு. அம்மா நான் எட்டாவது படிக்கறப்பவே போயிட்டாங்க. அக்காதான் தலை பின்னி உட்டு, சோறு கட்டி, என்னைப் படிக்க வெச்சுது. அப்பன் ஒருக்கா என்னை அடிக்க வந்தாரு, பரீட்சையில பெயிலாப் போனதுக்கு. இவ முந்தானையைப் பிரிச்சு என் தலை மேல போட்டு மூடிட்டு, அடியெல்லாம் அவ முதுகுல வாங்கினா. அடிச்சு ஓஞ்சு அப்பன் போனப்பறம், "போயிட்டாரு, வெளிய வா"ன்னு சொல்லிச் சிரிச்சா. பதினெட்டு வயசு அவளுக்கு.

அவளைக் கோபிக்குப் பக்கத்துல குடுத்திருந்தது. நல்ல தொட்டிக்கட்டு வூடு, நடுவுல சதுரமா வெளிச்சம் உழுகும். அந்த வெளிச்சம் இருக்குது பாருங்க, அதை எந்த ஸ்டுடியோவுலயும் பாக்க முடியாது.

மாமா, அதான் எங்கக்கா வூட்டுக்காரரு, தவறிப்போனாரு. நாங்க ராவோட ராவாக் கெளம்பிப் போனோம். கேமராவை நானா எடுத்துட்டுப் போகலை, அதைச் சொல்லிப்போடறேன். அக்கா மக கோகிலவாணிதான் போன்ல சொன்னா, "சின்னம்மா, அப்பாவோட எல்லாரும் நிக்கற மாதிரி கடைசியா ஒரு படம் எடுக்கோணும், கேமரா கொண்டாந்துருங்க"ன்னு. அவ சொல்லித்தான் கொண்டு போனேன்.

எங்க பக்கம் வழக்கம் உங்களுக்கும் தெரிஞ்சதுதான். புருசன் போனவ கழுத்துல இருந்து தாலி வாங்கறப்ப பொறந்தவூட்டுக் கோடி போடோணும். புதுச்சேலை. அதைப் பொறந்தவூட்டு ஆளுதான் கொண்டாந்து தலை மேல போத்தோணும். எங்களுக்குப் பொறந்தவூடுன்னா யாரு? அவளுக்கு நான், எனக்கு அவ. அவ்வளவுதான். சுமங்கலிக அங்க நிக்கக்கூடாது, ஒதுங்கிக்கோணும்னு கெழவிக சொன்னாங்க. எங்கூட்டுக்காரரு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மணி, நீ போய்ப் போடு, உங்கக்காளுக்கு உன்னை உட்டா யாரு இருக்காங்க"ன்னாரு. அக்காளும் அதையேதான் சொன்னாளாம். "எந் தங்கச்சி கையால போடட்டும், இல்லாட்டி எனக்குக் கோடியே வேண்டாம்"னு.

சேலையை மடிச்சுக் கை மேல போட்டுட்டு நின்னேன். கேமரா கழுத்துல. மாமாவைப் படம் எடுத்துட்டு அப்பிடியே மாட்டியிருந்தது. கழட்டி வெக்கலாம்னா அத்தனை கூட்டத்துல எங்க வெக்கறது, சொல்லுங்க?

அக்காளைக் கூட்டியாந்து பலகையில உக்கார வெச்சாங்க. மணி பத்து இருக்கும். வெளிச்சம் சதுரமா எறங்கி நேரா அவ மேல உழுந்துது. தலை நெறையாப் பூவு, நெத்தி நெறையாப் பொட்டு, கை நெறையா வளையலு. ஒரு கெழவி பின்னால இருந்து தாலிக்கொடியை எடுக்கறதுக்குக் கையைக் கொண்டு போறா. பின்னால சுத்தமா இருட்டு. அப்பிடி ஒரு பின்னணி அமையவே அமையாது டீச்சர். எம்பக்கத்துல சித்தப்பன் மக மயிலாத்தா நின்னா. சேலையை அவ கையில குடுத்து, "ஒரு நிமிசம் புடி"ன்னேன்.

ஒரு நிமிசம் புடின்னுதான் சொன்னேன். போடச் சொல்லலை.

ரெண்டு எட்டு முன்னால போனேன். ஏழு படம். ஆறாவது படத்துல அக்கா தலையைத் தூக்கி நேரா இங்க பாத்தா. கண்ணுல தண்ணி நிக்குது, உழுகலை. நான் கூப்புடலை. அவளாப் பாத்தா. ஏழாவது எடுக்கறப்ப "கோடி போடுங்க, கோடி எங்க"ன்னு சத்தம் போட்டாங்க. மயிலாத்தா போய்ப் போட்டுட்டா. நான் திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

திரும்பி வாறப்ப பஸ்ஸுல அவரு ஜன்னலோரம் உக்காந்தாரு. சத்தி ரோட்டுக்கு வந்தப்பறம், "அந்தக் கோடியை நீ போட்டிருக்கலாம் மணி"ன்னாரு. நான் அப்பத்தான் கேமராவுல அந்த ஆறாவது படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்தேன். "ஆமா ஆமா, இங்க பாருங்களேன், கண்ணு எப்பிடி விழுந்திருக்குது"ன்னு அவருகிட்ட நீட்டினேன். அவரு கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டாரு. தூக்கம் வருதாக்கும்னு நெனச்சுட்டேன்.

அந்தப் படத்தைத்தான் கிளப்புப் போட்டிக்கு அனுப்புனேன். அக்காகிட்டக் கேக்கலீங்களான்னு பாக்கறீங்க. துக்கத்துல இருக்கறவகிட்ட இதையெல்லாம் எப்பிடிப் போய்க் கேக்கறது? பரிசு வந்தாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். வந்துது, மொதப் பரிசு. மெட்ராஸ்ல இருந்து வந்த நடுவர் மைக்குல சொன்னாரு, "இந்தக் கண்ணு நேரா கேமராவைப் பாக்குது, பாக்கறவங்களைக் கேள்வி கேக்குது. எப்பிடிம்மா இவுங்களை லென்ஸைப் பாக்க வெச்சீங்க?"ன்னாரு. "நான் ஒண்ணுமே சொல்லலீங்க, அவுங்களாப் பாத்தாங்க"ன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. எங்கூட்டுக்காரரு பின்னால, பையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. அவரு கை தட்டினாரான்னு நான் பாக்கலை.

ரெண்டு வாரத்துல பேப்பர்ல வந்துது. நான் அஞ்சு காப்பி வாங்கி, அக்காளுக்கு ஒண்ணு எடுத்து வெச்சேன், நேர்ல குடுக்கலாம்னு. அதுக்குள்ள கோகிலவாணி போன் பண்ணிட்டா. பக்கத்து வூட்டுல போண்டா வாங்கியிருக்கறாங்க, கடைக்காரன் அந்தப் பக்கத்துலதான் சுத்திக் குடுத்திருக்கறான். அவுங்க அதைக் கொண்டாந்து, "இது உங்கம்மா தானுங்களே"ன்னு நீட்டியிருக்கறாங்க. "சின்னம்மா, அம்மா மூஞ்சி பூரா எண்ணெய்"னு அழுவறா. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "எங்கிட்ட நல்ல காப்பி இருக்குது கண்ணு, கொண்டாறேன்"னேன்.

ஒரு நாளு பொறுத்து அக்காளுக்கே போட்டேன். எடுத்தா. நான்தான் பேசினேன், பரிசைப் பத்தி, நடுவர் சொன்னதைப் பத்தி. எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீ நல்லாரு சாமி"ன்னா. வெச்சுட்டா.

நல்லாருன்னாளே, ஆசீர்வாதம்னுதான் நெனச்சேன். குரலைக் கேட்டே முப்பத்து நாலு வருசம் பொழைச்சவ நான். லைன்ல இருக்கறவங்க அழுதாங்களா சிரிச்சாங்களான்னு 'அலோ'ங்கறதுலயே சொல்லிருவேன். அவ குரலு எனக்குத் தெரியலை பாருங்க.

அப்பறம் போன் எடுக்கலை. பொங்கலுக்கு எடுக்கலை. பேத்திக்குக் காது குத்தினாங்க, பத்திரிகை வரலை. தபால்ல தவறியிருக்கும்னேன். எங்கூட்டுக்காரரு, "வா மணி, நேர்லயே போயி கால்ல உழுந்துட்டு வந்தரலாம்"னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "என்ன தப்புப் பண்ணிட்டேன்? ஊர்ல எவனாச்சும் அவளை அவ்வளவு அழகா எடுத்திருக்கறானா?"ன்னேன். அவளுக்குப் பொறாமைன்னு கூடச் சொன்னேன் டீச்சர். எதுக்குப் பொறாமைன்னு அவரு திருப்பிக் கேக்கலை.

இப்பிடி நாலு வருசம்.

காபி ஆறிப்போச்சே, குடிங்க. லென்ஸை முந்தானையில தொடைக்காதீங்க டீச்சர், பழக்கத்துல கை போகும். பழைய வேட்டித் துணி ஒண்ணு பையில இருக்குது, பருத்தி, நல்லா மெத்துனு இருக்கும். அவரோடதுதான்.

இந்த மாசி வந்தா... இல்ல, போன மாசியில. காலையில செடிக்குத் தண்ணி உட்டுட்டு இருந்தாரு. இந்தச் செம்பருத்திக்குத்தான். ஓஸ் தண்ணி சும்மாப் போற சத்தம் கேட்டுட்டே இருந்துது. தண்ணியை இப்பிடி வீணாக்குறாரேன்னு சலிச்சுட்டே வந்து பாக்கறேன். கெடந்தாரு.

மகன் கனடாவுல இருக்கறான். டிக்கெட் கெடைச்சு வாறதுக்கு ரெண்டு நாளு ஆகும்னாங்க. வெக்க முடியாது, எடுத்தரலாம்னுட்டாங்க. அவன் பாக்கோணும்னு எங்கூட்டுக்காரரு அண்ணன் மகன் வீடியோ கால் போட்டு, போனைத் தூக்கிப் புடிச்சுட்டே சுத்தினான். அவன் மேல தப்பில்லை. பெத்த மகன் பாக்க வேண்டாமா?

இதா, இந்தக் கூடத்துலதான் என்னை உக்கார வெச்சாங்க. நீங்க உக்காந்திருக்கற எடத்துல. பூ வெச்சாங்க, பொட்டு வெச்சாங்க, வளையல் போட்டாங்க. அன்னைக்கு அக்காளுக்குத் தாலி வாங்கறப்ப இவ சுமங்கலியா நின்னு பாத்தா, அதான் இப்பிடி ஆச்சுன்னு யாரோ பேசினாங்க. அதையெல்லாம் நான் நம்பறதில்லை. நம்பறதில்லைதான்.

"பொறந்தவூட்டுக் கோடி வந்துருச்சா"ன்னு கேட்டாங்க. மயிலாத்தாதான் ஒரு சேலையோட நின்னா, இல்லாட்டி இதைப் போட்டரலாம்னு. ஒருத்தி எனக்குப் பின்னால வந்து நின்னா, அவ கை கழுத்துக்கிட்ட வருது. முன்னால அந்தப் போனு. போனுக்குள்ள எம்மகன் மூஞ்சி, அழுதுட்டு. அந்த நேரத்துல நான் தலையைத் தூக்கினேன் டீச்சர். யாரும் என்னைக் கூப்புடலை, நானாத்தான் தூக்கினேன். வாசப்படியைப் பாக்கறேன், அத்தனை மூஞ்சியிலயும் ஒரு மூஞ்சியைத் தேடறேன். வந்துட மாட்டாளா, வந்துட மாட்டாளான்னு.

அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவ கேமராவைப் பாக்கலைங்க. அந்த நடுவருக்குத் தெரியலை, எனக்கும் தெரியலை. கோடியோட தங்கச்சி எங்கன்னு தேடுனா. நான் கேமராவுக்குப் பின்னால இருந்தேன்.

வாசல்ல யாரோ நகந்தாங்க. அக்கா வந்தா. முட்டி வலி அவளுக்கு, கோகிலவாணி தோளைப் புடிச்சுட்டு, ஒரு ஒரு படியா ஏறி வந்தா. அக்குள்ல கோடிச் சேலை. என்னைப் பாக்கலை, எங்கிட்ட ஒண்ணும் கேக்கலை. போன் புடிச்சிருந்தவனுக்கு முன்னால போயி முதுகு காட்டி நின்னா. சேலையை உதறி என் தலை மேல போட்டா. தலைக்கு மட்டும் போத்தறதுதான் வழக்கம். அவ மூஞ்சி, கழுத்து, நெஞ்சு எல்லாத்தையும் மூடி, ரெண்டு கையாலயும் சேத்து அணைச்சுப் புடிச்சுட்டா. உள்ள ஒரே இருட்டு. கஞ்சி மொடமொடப்பு மூஞ்சியில குத்துது. காதுக்கிட்டக் குனிஞ்சு சொன்னா, நாலு வருசத்துக்கு அப்பறம் அவ குரலு.

"யாரும் பாக்கலை. அழு."

அவரு போனதுல இருந்து அதுவரைக்கும் நான் அழுகலை டீச்சர். அப்பத்தான் அழுதேன்.

சேலையை விலக்கிப் பாக்கறப்ப அவ இல்லை. போயிட்டா. எழவு வூட்டுல இருந்து சொல்லிக்காமத்தான் போகோணும், அதான் மொறை. அதனால எனக்கு ஒண்ணும் வெளங்கலை. மொறைக்காகச் சொல்லாமப் போனாளா, இல்லை எங்கிட்டப் பேசறதுக்கு இன்னும் மனசு வரலியான்னு. எட்டு மாசமா இதைத்தான் போட்டு உருட்டிட்டு இருக்கேன். புருசன் போனவளைப் பொறந்தவூட்டுலதான் வந்து கூட்டிட்டுப் போயி, தலைக்குத் தண்ணி ஊத்தி, ஒரு வாய் சோறு போடோணும். அப்பறந்தான் மத்த வூட்டுப் படி ஏறலாம். நான் இன்னும் யாரு வூட்டுக்கும் போகலை. அவ வரட்டும்னு உக்காந்திருக்கேன்.

போன வாரம் கோகிலவாணி பேசினா. "சின்னம்மா, அம்மா ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. அந்தக் கேமரா இன்னும் வூட்டுலதான் இருக்குதா?"ன்னா. இருக்குதுன்னேன். "செரி"ன்னு வெச்சுட்டா. அன்னைக்குத்தான் குரூப்புல போட்டேன். என்ன அர்த்தத்துல கேட்டாளோ தெரியாது. இல்லைன்னு சொல்ற மாதிரி ஆகட்டும்.

பையை மறந்துராதீங்க. சார்ஜர் சைடு அறையில இருக்குது. மழைக்காலத்துல உள்ள நாலு கற்பூரம்னு சொல்லுவாங்க, போடாதீங்க, லென்ஸுல படியும். மருந்து டப்பாவுல ஈரம் இழுக்கறதுக்குன்னு குட்டிப் பொட்டலம் வரும் பாருங்க, அதைப் போடுங்க. காசு நீங்க குடுக்கறதைக் குடுங்க, அதுல ஒண்ணுமில்லை.

இல்லீங்க டீச்சர், கார்டு மட்டும் கேக்காதீங்க. புதுசு கடையில கெடைக்கும், வாங்கிக்குங்க. அதை நான் நேத்தே கழட்டி அவரு கண்ணாடிக் கூட்டுல போட்டு வெச்சுட்டேன். அந்தப் படம் அதுலதான் இருக்குது. அழிச்சரோணும்னு நாலஞ்சு தடவை எடுத்தேன், அக்காளுக்காக அழிச்சரோணும். பட்டன் மேல வெரல் வெக்கற வரைக்கும் வருது. கேமரா போயிருச்சுன்னு இன்னைக்குச் சாயந்தரம் சொல்லிருவேன். கார்டைப் பத்தி அவ கேக்கலை. கேட்டாலும் குடுக்க மாட்டேன். அந்தக் கண்ணு என்னைத் தேடுது டீச்சர். என்னை அப்பிடித் தேடறதுக்கு இனிமே யாரு இருக்கா?